கதிரியக்கமும் கிணற்றுத் தண்ணீரும்

அணுகுண்டுப் போரில் உலகம் அழிந்த பிறகு நடப்பதாகக் கதை சொல்லும் திரைப்படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அவற்றில் அடிக்கடி ஒரு காட்சி வரும். தாகத்தால் வாடும் கதாநாயகன் ஒரு குட்டையைக் காண்கிறான். தண்ணீர் பச்சையாக ஒளிர்கிறது. கையிலுள்ள கருவி 'டிக், டிக்' என்கிறது. அதைக் கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டிக் குடிக்கிறான், பிழைத்தும் விடுகிறான்.

இதில் எவ்வளவு உண்மை? நாகப்பட்டினத்துக் கிணறும் தஞ்சை வயலில் இடும் உர மூட்டையுமே இதற்கு விடை சொல்லும்.

தண்ணீர் ஒளிருமா?

பழங்காலக் கைக்கடிகாரங்களில் ரேடியம் கலந்த பூச்சு இருட்டில் பச்சையாக மின்னியது. படக்காரர்களின் பச்சை நிறம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் அங்கே ஒளிர்ந்தது ரேடியம் அல்ல. அதனுடன் கலந்திருந்த துத்தநாக சல்பைடு. 1956-இல் டிராம்பேயில் இயங்கத் தொடங்கிய 'அப்ஸரா' அணு உலையின் குளத்தில் தண்ணீர் உண்மையாகவே ஒளிர்ந்தது. அந்த ஒளி நீல நிறம். உலைக்கு அருகே உள்ள மிக வலிமையான கதிர்வீச்சினால்தான் அது தோன்றும். கிணற்றிலோ குட்டையிலோ கதிரியக்கப் பொருள் கலந்தால் நிறமும் மாறாது, மணமும் மாறாது. கண்ணை நம்பிப் பயனில்லை.

கதிர் வேறு, பொருள் வேறு

ஒரு டம்ளர் தண்ணீரின் ஊடே டார்ச் விளக்கை அடித்து அணைக்கிறீர்கள். அதன்பின் தண்ணீர் ஒளியை வீசுமா? வீசாது. அதுபோலவே காமாக் கதிர்கள் ஊடுருவிச் சென்றதாலேயே தண்ணீர் கதிரியக்கம் பெற்றுவிடாது. உண்மையில் தண்ணீர் நல்ல கவசம். சீசியம்-137 வீசும் காமாக் கதிர்களைச் சுமார் 8 செ.மீ. ஆழமுள்ள தண்ணீர் பாதியாகக் குறைத்துவிடும்.

ஆபத்து எங்கே இருக்கிறது? கதிரியக்கப் பொருள் தண்ணீரில் விழுந்து கலப்பதில் இருக்கிறது. 1954 மார்ச் 1-ஆம் நாள் பசிபிக் கடலின் பிக்கினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. தூளான பவளப்பாறை வெண்சாம்பலாக ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின் மேல் பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றார்கள். இத்தகைய தூசி குளத்தில் விழுந்தால் ஒரு பகுதி சேற்றோடு படியும். மற்றொரு பகுதி கரைந்துவிடும்.

கொதிக்க வைத்தால் போதுமா?

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் கரையோரத்துக் கிணறுகளையும் வயல்களையும் உப்பாக்கியது. அந்தக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், உப்பு போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய, கரிப்பு கூடவே செய்யும். கரைந்துள்ள சீசியமும் இந்த உப்பைப் போன்றதே.

நீங்களே செய்து பாருங்கள். பெரியவர்கள் உடனிருக்க, ஒரு டம்ளர் குடிநீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். நான்கு மடிப்புத் துணியில் வடிகட்டி ஒரு துளி சுவையுங்கள். பிறகு பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க வையுங்கள். ஆறிய பின் மீண்டும் சுவையுங்கள். கொதிக்கும்போது மூடியில் படிந்த துளிகளையும் ஆற விட்டுச் சுவையுங்கள். எது கரிக்கிறது, எது கரிக்கவில்லை?

மூடியில் சேர்ந்தது வாலை வடிநீர். வாலையில் வடித்தால் சீசியமும் அடியிலேயே தங்கிவிடும். ஆனால் டிரிட்டியம் என்பது ஹைட்ரஜனின் ஒரு வகை. அது தண்ணீர் மூலக்கூறின் உள்ளேயே அமர்ந்து, ஆவியோடு சேர்ந்து போய்விடும். ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலைகள் 2011-இல் விபத்துக்குள்ளாயின. அங்கே சுத்திகரித்த நீரிலும் டிரிட்டியம் எஞ்சியது இதனால்தான். கடல்நீரால் மிகவும் நீர்க்கச் செய்து, 2023 ஆகஸ்டு முதல் அதைக் கடலில் விடுகிறார்கள்.

அப்படியானால் வடிகட்டுவது வீணா? முழுவதும் வீணல்ல. கலங்கிய ஆற்றுநீரைத் தெளிய வைக்க, பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையைத் தேய்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. சிலவகைக் களிமண் சீசியத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். எனவே சேறு படிந்தால் சீசியத்தின் ஒரு பங்கும் படியும். கரைந்து நிற்பது நிற்கும்.

காலம் செய்யும் வேலை

உப்புக்கும் கதிரியக்கப் பொருளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. உப்பை மழைதான் கழுவ வேண்டும். கதிரியக்கப் பொருளோ தானே சிதைந்து குறைகிறது. பாதியாகக் குறையும் காலத்தை 'அரை ஆயுள்' என்கிறோம். அயோடின்-131-க்கு இது 8 நாள். 80 நாளில் பத்து முறை பாதியாகி, ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். குறுவை விதைத்து அறுப்பதற்குள் அதன் கதை முடிந்துவிடும்! சீசியம்-137-இன் அரை ஆயுளோ 30 ஆண்டு. அதே அளவு குறைய 300 ஆண்டு வேண்டும். அதாவது ஏறக்குறைய பத்துத் தலைமுறை.

நெல்லும் பொட்டாஷும்

தாவரத்தின் வேருக்குச் சீசியமும் பொட்டாசியமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். மண்ணில் பொட்டாசியம் குறைந்தால் நெல் சீசியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். ஆகவே விபத்துக்குப் பின் ஃபுகுஷிமா உழவர்கள் வயலுக்குப் பொட்டாஷ் உரத்தைக் கூடுதலாக இட்டார்கள். 2012 முதல் சில ஆண்டுகளுக்கு அங்கு விளைந்த அரிசியை மூட்டை மூட்டையாக அளந்து பார்த்தார்கள்.

வியப்பான செய்தி இன்னொன்று. அந்தப் பொட்டாஷே சிறிது கதிரியக்கம் உடையது! இயற்கையான பொட்டாசியத்தில் பொட்டாசியம்-40 சிறிதளவு கலந்திருக்கிறது. நம் வயலில் இடும் பொட்டாஷின் ஒவ்வொரு கிராமிலும் விநாடிக்குச் சுமார் 15 அணுக்கள் சிதைகின்றன. வளர்ந்த மனிதர் உடலில் விநாடிக்குச் சுமார் 4,000 அணுக்கள் சிதைகின்றன. விநாடிக்கு ஓர் அணு சிதைவதை ஒரு 'பெக்கெரல்' என்பர்.

எனவே கருவி 'டிக்' என்றாலே மரணம் என்பது கற்பனை. கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் கற்பனை. குடிநீரில் சீசியம்-137 லிட்டருக்கு 10 பெக்கெரலைத் தாண்டினால் மேலும் ஆராய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். எந்தப் பொருள், எவ்வளவு என்று அளந்து சொல்வதே அறிவியல்.

சிந்தியுங்கள்

1. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர் வீட்டுக்கு வந்த பிறகு கதிர் வீசுவாரா?
2. ஒரு குளத்தில் அயோடின்-131 மட்டும் கலந்தது. 24 நாள் கழித்து எத்தனை பங்கு எஞ்சும்?
3. உப்பான கிணற்றுக்குக் கொதிக்க வைப்பது ஏன் மருந்தாகாது?