மலைவட்டம் நடக்கலாமா?

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று ஓராண்டு நிறைவுற்ற ஒருவர், அண்மையில் எங்களிடம் ஒரு வினா எழுப்பினார். இங்கிலாந்தில் வாழும் அவருடைய மகள், விடுமுறை நாள்களில் நாயுடன் மலைநடை செல்பவர். இக்கோடையில் தந்தையையும் அழைத்துள்ளார். "நான் செல்லலாமா?" என்பதே வினா.

அப்பாதையின் பெயர் ஃபேர்ஃபீல்டு ஹார்ஸ்ஷூ. ஏரி மாவட்டத்தில், குதிரை லாடம்போல் வளைந்த மலைமுகடு அது. ஆம்பிள்சைடு என்னும் சிற்றூரில் தொடங்கி, லோ பைக், ஹை பைக், டவ் கிராக், ஹார்ட் கிராக் ஆகிய சிகரங்களைக் கடந்து, 873 மீட்டர் உயரமுள்ள ஃபேர்ஃபீல்டை அடைகிறது. பின்னர் கிரேட் ரிக், ஹெரான் பைக் வழியே ரைடல் சிற்றூருக்கு இறங்கி, புறப்பட்ட இடத்திற்கே திரும்புகிறது. தொலைவு ஏறத்தாழ 17 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் சுமார் 1,000 மீட்டர்.

வட்டப்பாதையில் ஓர் இடர் உண்டு. உச்சியை அடையும்போது பாதி வழியே முடிந்திருக்கும். அங்கிருந்து முன்னே சென்றாலும் பின்னே திரும்பினாலும் தொலைவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே திரும்பும் முடிவைத் தொடக்கத்திலேயே, முதல் சிகரமான லோ பைக்கில் எடுத்துவிட வேண்டும்.

பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்வோருக்கு நாடித்துடிப்பு அதிகம் உயராது; எனவே நாடியை மட்டும் நம்பலாகாது. பேசிக்கொண்டே ஏற முடிகிறதா என்பதே எளிய அளவுகோல். நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் உடனே அமர்ந்து, மருத்துவர் அளித்துள்ள மாத்திரையை நாக்கின் அடியில் வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் தணியாவிடில் 999 என்ற எண்ணை அழைத்து, காவல்துறை வழியாக மலை மீட்புக் குழுவைக் கோர வேண்டும்.

இன்சுலின் போட்டுக்கொள்வோர் சர்க்கரையோ குளுக்கோஸோ கையில் வைத்திருத்தல் அவசியம். நெடுநடைக்குப்பின் அன்றிரவிலும் சர்க்கரை அளவு தாழக்கூடும்.

இனி, நாய். மேய்ச்சல் ஆடுகள் நிறைந்த மலை அது. மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, திறந்தவெளி மலைநிலங்களில் நாயை 2 மீட்டருக்கு மிகாத வாரில் பிடித்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். கால்நடைகளின் அருகில் ஆண்டு முழுவதும் அதுவே விதி. இறக்கத்தில் நாய் இழுத்தால் விழ நேரிடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவருக்குத் தலையில் அடிபடுவது பேராபத்து. ஆகவே வார் மகளின் கையிலேயே இருக்கட்டும்.

அவருக்கு நாங்கள் கூறிய விடை இதுவே: முதலில் டிரெட்மில் பரிசோதனை, அதன்பின் படிப்படியான நடைப்பயிற்சி. இவ்வாண்டு முழுவட்டத்தை மகளும் நாயும் நடக்கட்டும். ரைடலுக்கும் ஆம்பிள்சைடுக்கும் இடையிலுள்ள சுமார் 2 கிலோமீட்டர் ஏறக்குறைய சமதளம். தந்தை மாலையில் ரைடலில் அவர்களை எதிர்கொண்டு, அக்கடைசிப் பகுதியை உடன் நடக்கலாம். அதுவும் அவ்வட்டத்தின் ஒரு பகுதியே.