தடாவுக்கு அப்பால் ஒரு சோதனை: குறைகடத்தித் துறையில் தற்சார்பு

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் தமிழக எல்லையைக் கடந்ததும் வருவது தடா. திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூருக்கு வடகிழக்கே, பழவேற்காடு ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் அமைந்துள்ளது. அங்கிருந்து 2024 டிசம்பர் 30-ஆம் நாள் பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட் புறப்பட்டது. அதன் போயம்-4 மேடையில், உள்நாட்டில் உருவான விக்ரம்-3201 நுண்செயலி விண்வெளிச் சோதனையில் வெற்றி கண்டது.

32 பிட் திறனுடைய இதனைத் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் மொகாலி குறைகடத்தி ஆய்வகமும் இணைந்து உருவாக்கின. இதன் தொழில்நுட்பம் 180 நானோமீட்டர் வகையைச் சேர்ந்தது. ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கே நானோமீட்டர். உலகின் முன்னணி ஆலைகள் 3 நானோமீட்டர் எனப்படும் தலைமுறையை எட்டிவிட்டபோது, இது பின்தங்கியதன்றோ எனும் வினா எழலாம். ராக்கெட்டுக்கு வேண்டுவது சிறுமையன்று. கடும் அதிர்வையும் வெப்பத்தையும் தாங்கும் நம்பகத்தன்மையே.

ஆயினும், கைப்பேசிக்கும் கணிப்பொறிக்கும் இவ்விளக்கம் பொருந்தாது. மொகாலியில் 1984-இல் 5 மைக்ரான் தொழில்நுட்பத்துடன் உற்பத்தி தொடங்கிற்று. 1989-இல் நேர்ந்த தீவிபத்து அம்முயற்சியைப் பல ஆண்டுகள் முடக்கியது. அவ்விடைவெளியில் தைவானும் தென்கொரியாவும் வெகுதூரம் முன்னேறின.

2021 டிசம்பரில் மத்திய அரசு ரூ.76,000 கோடித் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2024 பிப்ரவரியில் குஜராத்தின் தோலேராவில் சில்லு ஆலை அமைக்க இசைவு வழங்கப்பட்டது. முதலீட்டால் கட்டடமும் எந்திரமும் வந்துவிடும். தூய நீர், தடையற்ற மின்சாரம், தேர்ந்த பொறியாளர்கள் ஆகியவற்றை நீண்டகாலம் பேணியே பெற இயலும். அத்தொடர்ச்சி மீண்டும் அறுபடாமல் காப்பதே மொகாலி அனுபவம் உணர்த்தும் பாடமாகும்.