சாட்சி சொல்லும் கடல் நத்தை

'சுட்டி உயிரினம்' என்றால் என்ன என்று கேட்டால் மாணவர்கள் வரையறையைப் பிழையின்றி எழுதிவிடுகிறார்கள். ஓர் உயிரினம் மாசுபாட்டைத்தான் காட்டுகிறது என்பதை எப்படி உறுதி செய்தார்கள் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. அந்த 'எப்படி'யைக் கற்பிக்க எட்டாம் வகுப்பில் நான் எடுத்துக்கொள்வது இங்கிலாந்துக் கடற்கரை நத்தை ஒன்றின் கதை. இரண்டு பாடவேளைகள் போதும்.

நத்தையும் அதன் குறைபாடும்

டாக்வெல்க் என்பது கடலோரப் பாறைகளில் வாழும் சிறிய நத்தை. மட்டிகளையும் கொட்டலசுகளையும் தின்னும். 1970ஆம் ஆண்டு ஸ்டீபன் பிளேபர் என்ற ஆய்வாளர், பிளிமத் பகுதியில் பெண் நத்தைகளின் வலது உணர்கொம்புக்குப் பின்னால் ஆண் உறுப்பு போன்ற வளர்ச்சி இருப்பதைப் பதிவு செய்தார். பாதிப்பு முற்றினால் முட்டை வெளிவரும் பாதை அடைபட்டுப் பெண் நத்தை மலடாகிவிடும். சில கடற்கரைகளில் இந்த நத்தைகளே இல்லாமல் போயின.

காரணத்தைத் தேடுதல்

இந்த இடத்தில் காரணத்தைச் சொல்லாமல் நிறுத்துகிறேன். 'படகுத் துறைகளுக்கு அருகே பாதிப்பு அதிகம்' என்ற ஒரு தகவலை மட்டும் கரும்பலகையில் எழுதுகிறேன். எண்ணெய், சாக்கடை, பெயிண்ட், உலோகம் என்று மாணவர்கள் பட்டியலிடுவார்கள். 'இவற்றில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?' என்பதே குழு விவாதத்துக்கான கேள்வி. நல்ல இடத்து நத்தைகளைப் படகுத் துறைக்குக் கொண்டுபோய் விட்டுப் பார்க்கலாம் என்று ஏதாவது ஒரு குழு சொல்லிவிடும். ஆய்வாளர்களும் அதைச் செய்தார்கள்; இடம் மாற்றிய நத்தைகளுக்கும் குறைபாடு வந்தது. அடுத்து, ஆய்வகத்தில் சந்தேகத்துக்குரிய பொருளை மட்டும் நீரில் கலந்து வளர்த்தார்கள். அதிலும் வந்தது. அந்தப் பொருள் ட்ரைபியூட்டைல்டின். படகின் அடியில் கொட்டலசும் பாசியும் ஒட்டாமலிருக்கப் பூசும் பெயிண்டில் சேர்க்கப்பட்ட வெள்ளீயச் சேர்மம் அது.

எவ்வளவு நஞ்சு?

ஒரு லிட்டர் கடல்நீரில் ஒரு நானோகிராம் அளவே நத்தையைப் பாதிக்கப் போதுமானது. 100 கோடி லிட்டர் நீரில் ஒரு கிராம்! இதை உணர்த்த ஒரு செயல்பாடு: 1 மி.லி. உணவு நிறமியுடன் 9 மி.லி. நீர் சேர்க்கவும். அதிலிருந்து 1 மி.லி. எடுத்து அடுத்த தம்ளரில் மீண்டும் 9 மி.லி. நீர் சேர்க்கவும். இப்படி 12 முறை செய்தால் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவை அடைவோம். அதற்கு வெகு முன்பே நிறம் கண்ணுக்கு மறைந்துவிடும். தெளிந்த நீரெல்லாம் தூய நீரல்ல என்பதை மாணவர்கள் தாங்களே சொல்வார்கள்.

ஏன் இந்த நத்தை?

டாக்வெல்க்கின் குஞ்சுகள் நீரில் மிதந்து செல்வதில்லை. பாறையில் ஒட்டிய முட்டைப் பைகளிலிருந்து வெளிவந்து அங்கேயே ஊர்ந்து வாழ்கின்றன. எனவே அதன் உடல் அந்த இடத்து நீரைப் பற்றியே சாட்சி சொல்கிறது. இதே இயல்பால், அழிந்த இடத்துக்கு அது திரும்பி வரவும் நாளாகும்.

தீர்வு

ஆர்க்கஷான் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு நலிந்ததால் பிரான்ஸ் 1982இலும், பின்னர் பிரிட்டன் 1987இலும் சிறு படகுகளுக்கு இந்தப் பெயிண்டைத் தடுத்தன. கப்பல்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு, 2008இல் நடைமுறைக்கு வந்தது. தடைக்குப் பின் பல கடற்கரைகளில் நத்தைகள் மீண்டன. இதுவும் ஒரு சான்றுதானே என்று மாணவர்களிடம் கேளுங்கள்.

மதிப்பீட்டுக்கு வரையறை கேட்பதில்லை. 'குளத்தில் தவளைகள் குறைந்துவிட்டன; வயல் மருந்துதான் காரணம் என்கிறார் ஒருவர். அதைச் சோதிக்க என்ன செய்வாய்?' என்று கேட்கிறேன். ஒப்பிட இன்னொரு குளம் வேண்டும் என்று எழுதும் மாணவர் பாடத்தைப் புரிந்துகொண்டுவிட்டார்.

கடலோரப் பள்ளியினர் கரை ஒதுங்கிய வெற்று ஓடுகளைக் கொண்டு நத்தைகளை அறிமுகப்படுத்தலாம். உயிருள்ளவற்றைச் சேகரிக்க வேண்டாம். சில சங்கினங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை.