கையெழுத்து வேறு, சம்மதம் வேறு

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்கள், லாரியில் சரக்கு வந்திறங்கினால் மூட்டையை எண்ணிப் பார்த்த பிறகே சீட்டில் கையெழுத்துப் போடுவார்கள். அதே கை, ஆஸ்பத்திரியில் இரண சிகிச்சைக்கு முன் நீட்டப்படும் தாளில் மட்டும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறது. இதுபற்றி நமது நாட்டு நீதிமன்றம் கூறியிருப்பதை அன்பர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

1982ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு மாது கார் விபத்தில் சிக்கினார். கழுத்துப் பகுதி முள்ளெலும்புகள் விலகியிருந்தன. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரண சிகிச்சை நடந்தது. அதன்பின் அவர் உடல் செயலிழந்தது. உயர்நீதிமன்றத்தில் வென்றார், மேல்முறையீட்டில் தோற்றார், 2006 டிசம்பர் 29ல் கூட்டரசு நீதிமன்றம் அவருக்கே நியாயம் வழங்கியது. ‘ஃபூ ஃபியோ நா’ வழக்கென்று சட்ட நூல்கள் இதனைக் குறிப்பிடும்.

அதுவரை, நோயாளிக்கு எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை டாக்டர்களின் வழக்கத்தைக் கொண்டே அளந்தார்கள். 1957ல் இங்கிலாந்தில் பிறந்த அளவுகோல் அது. ஆபத்தைத் தெரிவிக்கும் விஷயத்தில் அது செல்லாதென்று நமது நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஆஸ்திரேலியாவின் 1992ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றைப் பின்பற்றியது. அங்கே, ஒரு கண்ணில் பார்வையற்ற மாது அந்தக் கண்ணுக்குச் சிகிச்சை பெற்றார். நல்ல கண்ணுக்கு ஏதும் நேருமோ என்று கவலைப்பட்டவரிடம், 14,000 பேரில் ஒருவருக்கு நேரக்கூடிய ஆபத்து சொல்லப்படவில்லை. அந்த ஒருவர் அவரே ஆனார். அபூர்வம் என்று டாக்டர் நினைத்தால் போதாது. அந்த நோயாளியின் நிலையிலுள்ளவர் அதைப் பொருட்படுத்துவாரா என்பதே கேள்வி. (நோயைக் கண்டறிவதற்கும் சிகிச்சை முறைக்கும் பழைய அளவுகோலே பொருந்துமென்று 2017ல் கூட்டரசு நீதிமன்றம் பிரித்துக் காட்டியது.)

வியாபாரிகளுக்கு இது புதிதன்று. சரக்கிலுள்ள ஐபை மறைத்து விற்றால், வாங்கியவர் திருப்பித் தரலாமென்பது நமது ஃபிக்ஹு. அறுத்த உடம்பை யாரிடம் திருப்பித் தருவது?

நம் வீடுகளில் வேறொரு வழக்கமும் உண்டு. வாப்பாவுக்கு என்ன நோயென்று பிள்ளைகளும் டாக்டரும் வராந்தாவில் பேசி முடிப்பார்கள். வாப்பாவுக்கு மட்டும் தெரியாது. கொடுக்கல் வாங்கல், அமானிதம், வஸிய்யத்து எல்லாம் அவர் நெஞ்சில் இருக்கின்றன! அன்பினால்தான் மறைக்கிறோம். ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறுதி நோயில், வாயில் மருந்தூற்ற வேண்டாமென்று சைகை செய்தும் வீட்டார் ஊற்றிவிட்டார்கள். நோயாளி மருந்தை வெறுப்பது இயல்புதானே என்றெண்ணினார்கள். தெளிந்தபின் நாயகம் அதைக் கண்டித்த செய்தி புகாரியில் இருக்கிறது.

பதினெட்டு வயது நிரம்பி, புத்தி தெளிவாயுள்ளவருக்கு அவருடைய சம்மதமே சம்மதம். மகனின் கையெழுத்து அதற்கு ஈடாகாது. நினைவிழந்து, உயிருக்கு ஆபத்தான வேளையில் டாக்டர் காத்திராமல் செய்யலாம், அது வேறு.

ஆகவே, என்ன செய்யப் போகிறார்கள், என்ன கெடுதல் நேரலாம், வேறு வழியுண்டா, செய்யாமலிருந்தால் என்னவாகும் என்று கேட்க வேண்டும். மொழி புரியாவிட்டால், தமிழறிந்த டாக்டரையோ தாதியையோ அழைக்கச் சொல்லலாம். கையெழுத்திட்ட பின்னரும், சிகிச்சை தொடங்குமுன் மனம் மாறினால் வேண்டாமென்று சொல்ல உரிமையுண்டு.