பட்டமும் கடனும்: பெற்றோர் அறிய வேண்டிய கணக்கு

தோட்டத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் வீடே மகிழ்கிறது. உடனே, கடன்பட்டா படிக்க வைப்பது என்னும் அச்சமும் எழுகிறது. அச்சத்தால் கிடைத்த இடத்தைக் கைவிடுவதும் தவறு. கணக்குப் பாராமல் கையொப்பமிடுவதும் தவறு. எனவே அக்கணக்கை நாம் இங்கு ஆராய்வோம்.

மலாயாப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 2006ஆம் ஆண்டில் ஆய்வுப் பல்கலைக்கழகங்களாக அறிவிக்கப்பட்ட நான்கனுள் அதுவும் ஒன்று. அரசாங்கப் பல்கலைக்கழகமாதலால் கல்விச் செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. எஞ்சிய கட்டணம், விடுதி, உணவு, நூல்கள் ஆகியவற்றிற்கே பலர் கடன் நாடுகின்றனர். இக்கடனை 1997ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பி.டி.பி.டி.என். எனும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் வழங்குகிறது.

ஒரு மாணவி மொத்தம் 20,000 வெள்ளி கடன் பெற்றதாகக் கொள்வோம். நிர்வாகக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு, அதாவது 200 வெள்ளி. பத்தாண்டுகளில் அது 2,000 வெள்ளியாகும். திருப்பிச் செலுத்த வேண்டிய 22,000 வெள்ளியை 120 மாதங்களுக்குப் பகிர்ந்தால், மாதத் தவணை ஏறத்தாழ 183 வெள்ளி.

இத்தொகை பெரிதா, சிறிதா? அதனை வருமானமே முடிவு செய்யும். 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளியின் பங்காக 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, பிடிக்கப்படுகிறது. ஆகவே, பட்டம் பெற்றும் இச்சம்பளமே கிடைத்தால், கடன் தவணை இரண்டாவது சேமநிதிப் பிடித்தம் போலாகும்; ஆனால் இப்பணம் திரும்பி வாராது. சம்பளம் 3,500 வெள்ளியானால், அதே தவணை சம்பளத்தில் ஏறக்குறைய பத்தொன்பதில் ஒரு பங்கே.

ஆகவே கடன் பெறுமுன் எந்தத் துறை, எத்தகைய வேலை என்று கேட்டறிதல் வேண்டும். பட்டதாரிகள் வேலை பெற்ற நிலையையும் சம்பளத்தையும் உயர்கல்வி அமைச்சு ஆண்டுதோறும் ஆய்வு செய்கிறது. அது கூறுவது தொடக்கச் சம்பளத்தை மட்டுமே. இரப்பர்க் கன்று நட்டுப் பால் காண ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்வதை நாம் அறிவோம். பட்டத்தின் பயனும் முதல் மாதச் சம்பளத்தோடு முடிவதில்லை.

பெற்றோர் மூன்றனை நினைவிற்கொள்க.

1. தேவையான அளவே கடன் பெறுக. மோட்டார்சைக்கிளுக்கும் கைப்பேசிக்கும் அது உரியதன்று.

2. படிப்பை இடையில் விட்டாலும் கடன் நீங்காது. பட்டமின்றிக் கடன் மட்டும் மிஞ்சுவதே பெருந்துன்பம்.

3. வேலை கிடைக்கத் தாமதமானால் மௌனமாய் இராது, தவணையை ஒத்திவைக்கக் கழகத்திடம் விண்ணப்பிக்கச் செய்க.

கடிதம் வந்த அன்றே பிள்ளையுடன் அமர்ந்து, தாளும் பென்சிலும் கொண்டு இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். அளவறிந்து பெற்ற கடன் குடும்பத்தை உயர்த்தும் படியாகும்.