மூன்று சூரியன், இரண்டு சீரியல்

போன வருஷம் எங்க ஷார்ட் ஃபிலிம் டீம் ஒரு அறிவியல் சிறுகதையைப் படமாக எடுத்தோம். ஸ்பேஸ்ஷிப் காட்சிக்கு மட்டும் ரெண்டு நாள் ராத்திரி தூங்கவில்லை. நீளம் அதிகமாகுதுன்னு ஹீரோ அம்மாவோடு பேசும் ஒரு ஃபோன் காலை வெட்டிட்டோம். திரையிட்டு முடிச்சதும் ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தன் எழுந்து கேட்டான்: "அண்ணா, அவன் ஏன் கடைசியில அந்த பட்டனை அழுத்தினான்?" எங்க ஆறு பேர்கிட்டயும் பதில் இல்லை.

அந்தக் கேள்வியோடுதான் இந்தக் கட்டுரைக்கு வர்றேன். அறிவியல் நாவலைத் தொடராக எடுக்கும்போது எதை வெட்டலாம், எதில் கை வைக்கக் கூடாது? இதைப் படிக்க அருமையான கேஸ் ஸ்டடி ஒண்ணு இருக்கு. சீன எழுத்தாளர் லியூ சிஷினின் 'தி த்ரீ-பாடி ப்ராப்ளம்'. 2006-ல் பத்திரிகைத் தொடராக வந்து 2008-ல் புத்தகமானது. கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபின் 2015-ல் ஹ்யூகோ விருது வாங்கியது. இதே நாவலை 2023-ல் சீனாவின் டென்சென்ட் 30 எபிசோடாகவும், 2024-ல் நெட்ஃப்ளிக்ஸ் 8 எபிசோடாகவும் எடுத்தாங்க. ஒரே கொஸ்டின் பேப்பர், ரெண்டு ஆன்சர் ஷீட். நாவலைப் படிக்காதவங்க இதோட நிறுத்திக்கலாம். இனிமேல் கதை முழுக்க உடையும்.

முதலில் சின்ன விஷயம். நாவலில் வாங் மியாவ் என்ற நானோ விஞ்ஞானிக்கு, பிரபஞ்சமே மினுக்கும்னு ஒரு மிரட்டல் வருது. மினுக்குவது நட்சத்திரம் இல்லை, பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சு. சுமார் 2.7 கெல்வின் வெப்பநிலையில் இருக்கிற மைக்ரோவேவ், கண்ணுக்கே தெரியாது. அதைப் பார்க்க அவர் ஒரு ஸ்பெஷல் கண்ணாடி வாங்கி மாட்டிக்கணும். படிக்கும்போது புல்லரிக்கும். திரையில்? ஒரு மனுஷன் கண்ணாடி போட்டுக்கிட்டு வானத்தைப் பார்த்து நடுங்குவான், அவ்வளவுதான். நெட்ஃப்ளிக்ஸ் கதிர்வீச்சையே தூக்கிட்டு, ராத்திரி வானத்து நட்சத்திரங்கள் எல்லாம் அணைஞ்சு அணைஞ்சு எரியுற மாதிரி மாத்திடுச்சு. தெருவில் நிக்கிற எல்லாரும் பார்க்கிறாங்க. இயற்பியல் கொஞ்சம் போச்சு, பயம் முழுசா மிஞ்சிச்சு. என்னைக் கேட்டால் நல்ல வியாபாரம்.

ஆள் மாற்றமும் இதே கணக்குதான். நாவலில் வாங் மியாவ் பெரும்பாலும் தனியாக யோசிக்கிறார். யோசனையைக் கேமரா பிடிக்காது. நெட்ஃப்ளிக்ஸ் அவரை உடைச்சு, அடுத்த ரெண்டு நாவல்களின் பாத்திரங்களையும் கலந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படிச்ச ஐந்து நண்பர்களாக்கி, கதையை லண்டனுக்குக் கொண்டுபோயிடுச்சு. டென்சென்ட் வேற வழி பிடிச்சது. பிசிக்ஸ் தெரியாத போலீஸ்காரர் ஷி சியாங் நாவலிலேயே இருக்கார். அவரை வாங் மியாவ் பக்கத்திலேயே நிறுத்தி வெச்சாங்க. அவர் "புரியற மாதிரி சொல்லு"ன்னா விஞ்ஞானி சொல்லித்தானே ஆகணும்! இந்த ஜோடிக்காகவே 30 எபிசோடும் பார்க்கலாம்.

நம்ம ஆட்களுக்கு நாவலில் ரொம்பப் பிடிக்கிற இடம் மனிதக் கம்ப்யூட்டர். மூணு சிப்பாய் நிக்கிறாங்க. முதல் ரெண்டு பேர் இன்புட், மூணாவது ஆள் அவுட்புட். ரெண்டு பேரும் கொடி காட்டினால்தான் மூணாவது ஆள் காட்டணும், இதுதான் ஆண்ட் கேட். இப்படியே மூணு கோடி வீரர்கள் வரைக்கும் போகும், பஸ் லைனுக்குக் குதிரைப் படை! டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் கிளாஸில் இதைச் சொல்லியிருந்தால் எனக்கு அந்தப் பேப்பர் அரியர் விழுந்திருக்காது. இங்கே ஜெயிப்பது நாவல்தான். திரை பிரம்மாண்டத்தைக் காட்டும், ஆனால் கேட் மேல கேட் வெச்சுக் கட்டுற அந்தச் சுகம் பக்கத்தில்தான் இருக்கு.

இப்போ பட்டனுக்கு வருவோம். யே வென்ஜியே என்ற வானியற்பியல் பெண், வேற்று உலகத்திலிருந்து வந்த ஒரு செய்தியைப் படிக்கிறாள். "பதில் அனுப்பாதே, அனுப்பினால் உன் உலகம் இருக்கும் இடம் தெரிஞ்சிடும்" என்கிற எச்சரிக்கை அது. தெரிஞ்சே பதில் அனுப்புறாள். ஏன்? அவளுடைய அப்பா இயற்பியல் பேராசிரியர். கலாச்சாரப் புரட்சியின்போது மேடையில் நிறுத்தி, கூட்டத்துக்கு முன்னால், பள்ளி மாணவிகள் அவரை அடிச்சே கொல்றாங்க. அவள் பார்த்துக்கிட்டு நிக்கிறாள். மனுஷ இனம் தன்னைத்தானே திருத்திக்காதுன்னு அவள் முடிவுக்கு வர்ற பாதை அங்கேதான் ஆரம்பிக்குது.

சீனப் புத்தகத்தில் இந்தக் காட்சியை நடுவில் தள்ளி வெச்சாங்க, சென்சார் பயம். ஆங்கிலத்தில் கென் லியூ இதை ஆரம்பத்துக்கே கொண்டுவந்தார், ஆசிரியரும் முதலில் நினைச்சது அப்படித்தான். நெட்ஃப்ளிக்ஸ் தொடர் இந்த மேடையில்தான் திறக்குது. டென்சென்ட் அந்த அடியைக் காட்டாமல் பட்டும் படாமலும் கடந்துபோகுது. அவங்க சூழ்நிலை அப்படி, குறை சொல்ல எனக்கு மனசு வரலை. ஆனால் பலன் என்னன்னு பாருங்க. பெய்ஜிங், பெயர்கள், வசனம்னு எல்லாத்தையும் அப்படியே வெச்ச தொடரில் யே வென்ஜியேவின் விரல் பட்டன் மேல போகும்போது காரணம் பலவீனமா இருக்கு. ஊரையே மாத்தின தொடரில் அந்தக் காரணம் உறுதியா நிக்குது. சிவில் நண்பர்களுக்கு உடனே புரியும்: எந்தச் சுவரை வேணும்னாலும் இடிக்கலாம், பாரம் தாங்குற சுவரைத் தவிர.

எங்க படத்தில் அந்த ஃபோன் கால் நாற்பது செகண்ட்தான். இப்போ திரும்பச் சேர்த்திருக்கோம். இடம் பத்தாமல் ஸ்பேஸ்ஷிப் காட்சியில் பாதியைத் தூக்கினோம். எடிட்டர் இன்னும் எங்களோட பேசலை.