தொழிலுக்கு ஆதாரம் மனித உறவே



முதலும் இயந்திரமும் இருந்தால் தொழில் நடந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ரயில்வேயில் பொறியாளராக இருந்த நான் கண்டது வேறு.

நம் மும்பை டப்பாவாலாக்களையே எடுத்துக்கொள்வோம். 1890-இல் மகாதேவ் ஹாவாஜி பச்சே தொடங்கிய தொழில் இது. கொரோனாவுக்கு முன் சுமார் 5,000 பேர், நாள்தோறும் ஏறத்தாழ 2 லட்சம் சாப்பாட்டு டப்பாக்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அவர்களிடம் இருந்த சாதனங்கள் சைக்கிள், லோக்கல் ரயில், மூடியில் எழுதிய குறிகள், அவ்வளவே.

இதன் சூட்சுமம் என்ன? செலவு போக மிஞ்சும் வருமானத்தைக் குழுவினர் சமமாகப் பங்கிடுகிறார்கள். ஒருவர் தவறினால் எல்லாருக்கும் நஷ்டம். ஆகவே ஒருவர் காய்ச்சலில் படுத்தால் அவருடைய டப்பாக்களை மற்றவர் சுமக்கிறார். தகராறு வந்தால் குழுவின் மூத்தவரான முக்காதம் தீர்த்து வைக்கிறார்.

2020-இல் லோக்கல் ரயில் நின்றபோது பலர் ஊர் திரும்பினர், தொழிலும் சுருங்கியது. எனினும் அந்தப் பாடம் பழையதாகிவிடவில்லை.

தாராவி, மாட்டுங்கா, செம்பூரில் கடையோ பட்டறையோ நடத்தும் நம்மவர்கள் சிந்திக்க வேண்டும். வேலையாளிடம் இனிக்கப் பேசினால் மட்டும் போதாது. லாபத்தில் அவருக்கும் பங்கு உண்டா? நோயில் படுத்தால் அவர் வேலை காக்கப்படுமா? இவ்விரண்டுக்கும் 'ஆம்' என்று சொல்லும் இடத்தில் ஆள் நிலைப்பார். ஆள் நிலைத்தால் வாடிக்கையும் நிலைக்கும்.